வெயிலில் தேனீக்களைக் கொண்டுவர: சட்டப்பெட்டியா, வலைப்பெட்டியா?

தேனீக்கள் இரண்டு விதமாகக் கிடைக்கும். நான்கைந்து மரச்சட்டங்களில் தேனடை, முட்டை, புழு, தேன், ராணி எல்லாம் சேர்ந்த சிறு குடும்பமாக வாங்கலாம்; இதுதான் சட்டப்பெட்டி. இல்லையென்றால், வலை அடித்த பெட்டியில் சுமார் ஒன்றரை கிலோ தேனீக்களும் தனிக் கூண்டில் ஒரு ராணியுமாக வாங்கலாம்; இது வலைப்பெட்டி. அதில் அடையும் இருக்காது, புழுவும் இருக்காது. மிதமான பருவத்தில் எதை எடுத்தாலும் சமாளித்துவிடலாம். கடும் வெயிலில் முதலில் பார்க்க வேண்டியது, எது உயிரோடு வந்து சேரும் என்பதைத்தான்.

வெளியே அடிக்கிற வெயிலைவிட, பெட்டிக்குள் தேனீக்களே உண்டாக்கும் சூடு ஆபத்தானது. வாசலை அடைத்தவுடன் அவை பதறி ஓடும், சிறகை வீசிக் காற்றை வெளியே தள்ளப் பார்க்கும். காற்று போக வழியில்லை என்றால் அந்த உழைப்பே சூட்டை இன்னும் ஏற்றிவிடும். பிறகு வயிற்றில் இருக்கும் தேனைக் கக்கி, உடம்பெல்லாம் நனைந்து, கொத்துக்கொத்தாகச் செத்துப்போகும்.

இந்த இடத்தில் வலைப்பெட்டிக்குத்தான் சாதகம். காற்று தாராளமாகப் புகும், உருகிச் சரிய மெழுகு கிடையாது. இரண்டு மூன்று பெட்டிகள் இருந்தால் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். வலைமேல் அவ்வப்போது புகைபோல மெல்லிய தண்ணீர்த் தூவல் போதும். தேனீக்களை நனைத்துவிடக் கூடாது.

சட்டப்பெட்டியில் கவலை அதிகம். புழுக்களுக்கு 34, 35 டிகிரி வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் கேடு. மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் ஆகும் என்றாலும், 40 தாண்டினாலே இளகத் தொடங்கும். தேன் நிறைந்த புது அடை தன் பாரத்தாலேயே அறுந்து விழுந்து ராணியை நசுக்கிவிடலாம். அதனால் மூடியைக் கழற்றிவிட்டு முழுக்கக் கம்பி வலை அடித்து வாங்குங்கள். ஓரத்தில் நான்கு ஓட்டை போட்டது போதவே போதாது. சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருந்தால், பிரேக் போடும்போது ஒன்றோடொன்று மோதாது.

எதை வாங்கினாலும் இரவில் கிளம்புங்கள். ஓடும் வண்டியில் காற்று இருக்கும், நிறுத்தினால்தான் ஆபத்து. சாப்பிட இறங்கிய அரை மணி நேரத்தில் நான் ஒரு பெட்டியை இழந்திருக்கிறேன். தார்ப்பாயால் மூடியது என் தவறு. நிழல்வலை போட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

குடியேற்றும்போது நிலைமை தலைகீழாகிவிடும். சட்டப்பெட்டியை நிரந்தர இடத்தில் வைத்து, அந்தி சாயும்போது வாசலைத் திறந்தால் போதும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் சட்டங்களை அதே வரிசையில் புதுப் பெட்டிக்கு மாற்றலாம். புழு இருக்கும் வீட்டை விட்டுத் தேனீக்கள் லேசில் போகாது.

வலைப்பெட்டித் தேனீக்களுக்கு அப்படி ஒரு பிடிப்பு இல்லை. வெறும் சட்டங்கள் உள்ள சூடான பெட்டியில் கொட்டினால், மறுநாளே கூட்டமாகக் கிளம்பிப் போய்விடலாம். சாயங்காலம் கொட்டி, ராணிக் கூண்டை நடுச்சட்டங்களுக்கு இடையில் தொங்கவிட்டு, சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் நோயில்லாத ஒன்றிலிருந்து புழு உள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைத்தால் பாதிக் கவலை தீரும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர 21 நாள் ஆகும். அதுவரை கூட்டம் மெலிந்துகொண்டேதான் போகும்.

என் தேர்வு இதுதான்: ஒரே இரவில் வந்து சேர முடியுமானால் சட்டப்பெட்டி. பகலிலும் பயணம் நீளும் என்றால் வலைப்பெட்டி, அதுவும் கையில் ஒரு புழுச்சட்டம் இருந்தால்தான்.

அப்புறம், தேனீக்கள் வருவதற்கு முன்பே, உட்காரக் கூழாங்கல் போட்ட ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிடுங்கள். அடுத்த வீட்டுக் குழாய்க்குப் பழகிவிட்டால் அவற்றைத் திருப்புவது கடினம்.