தாச்சியில் வாட்ட அறக்குளாவா, கொடுவாவா?

மட்டக்களப்பு வீடுகளில் மீன் பொரிப்பது என்றால் மஞ்சள், மிளகாய்த் தூள், உப்பு பிரட்டி தாச்சி நிறைய எண்ணெயில் போடுவதுதான். நான் சொல்ல வருவது அதுவல்ல, கொஞ்ச எண்ணெயில் மீனை வாட்டி எடுப்பது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு, மிளகு, இறக்கும்போது தேசிக்காய், அவ்வளவுதான். நல்ல சூட்டில் தூள் கருகிக் கசந்துவிடும், அதனால் இதற்குத் தூள் வேண்டாம். தூள் இல்லாத இடத்தில் மீனின் சுவை மறைய வழியில்லை. எந்த மீன் வாங்குகிறோம் என்பது இங்கே அதனால்தான் பெரிய விஷயம்.

கையில் காசு இருந்தால் எல்லோரும் முதலில் கேட்பது அறக்குளா, வஞ்சிரம் என்றும் சொல்வார்கள். வட்டத் துண்டாக வெட்டித் தருவார்கள், தாச்சியில் உடையாது, முள் தொல்லையும் குறைவு. பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். ஆனால் அதன் சதை சீக்கிரம் வறண்டுவிடும். 2 சென்றிமீற்றர் துண்டுக்குப் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் போதும். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் சக்கையாகிவிடும். தோலும் துண்டைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாகத்தான் இருக்கும், அடியில் படிந்து முறுக அதற்கு வழியில்லை.

கொடுவா அப்படியில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடையே போய் வரும் மீன் அது. சதை இதழ் இதழாகப் பிரியும், ஈரம் எளிதில் வற்றாது. அதன் தோல்தான் இந்தச் சமையலின் உயிர். மீன் வெட்டுபவரிடம் செதிலை நன்றாக எடுத்து, நடுமுள்ளை நீக்கி, தோலோடு பிளந்து தரச் சொல்லுங்கள். வீட்டில் உப்புத் தடவிக் கால் மணித்தியாலம் வைத்தால் தண்ணீர் கசியும். அதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஈரம் இருக்கும்வரை மீனின் மேற்பரப்பு 100 பாகை செல்சியசைத் தாண்டாது, பொன்னிறம் வருவதற்கோ 140 பாகைக்கு மேல் வேண்டும். நான் முதலில் வாட்டிய கொடுவா, கழுவிய ஈரத்தோடு போனதால் அவிந்து, தோல் முழுவதும் தாச்சியோடு ஒட்டிக்கொண்டது. நல்ல மீனை அப்படிப் பாழாக்கியது இன்னமும் மனதை உறுத்துகிறது.

தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டதும் அது சுருங்கி மீன் வளையும். அரை நிமிடம் தட்டையான கரண்டியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு தொடவே வேண்டாம். நாலைந்து நிமிடத்தில் தோல் முறுகித் தானாகவே தாச்சியை விடும். விடவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், சரி, இறக்கிவிடலாம். எண்ணெயிலும் கவனம் வேண்டும். செக்குத் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 பாகையிலேயே புகையத் தொடங்கும், புகை கண்டால் உடனே நெருப்பைக் குறையுங்கள்.

கொடுவாவுக்கு ஒரு குறை உண்டு. வாவியில் பிடித்ததில் சிலவேளை சேற்று வாடை இருக்கும். தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் அலசினால் குறையும், ஆனால் அலசிய பிறகு இரட்டிப்புக் கவனத்தோடு ஈரத்தை ஒற்ற வேண்டும். அறக்குளாவில் அந்த வேலை இல்லை.

காலத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் குழம்பினால் தோணிகள் இறங்காது. அப்போது சந்தையில் கிடக்கும் அறக்குளா பெரும்பாலும் பல நாள் ஐஸில் கிடந்ததாகவே இருக்கும். தூள் போட்ட பொரியலுக்கு அதைச் சமாளிக்கலாம், இதற்குச் சரிவராது. அந்த நாட்களில் வாவிக் கொடுவா கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் காலையில் கரைக்கு வந்த அறக்குளா கிடைத்தால், முதன்முதலாக வாட்டிப் பார்ப்பவர் அதிலேயே கை பழகலாம். திருப்பும்போது உடையாத மீன் தரும் தைரியம் பெரியது.

எனக்கு இரண்டும் ஒரே பலகையில் புதிதாகக் கிடந்தால் கொடுவாதான். அறக்குளாவைக் குழம்புக்கு விட்டுவிடுவேன், அங்கே அதற்கு ஈடில்லை. கொடுவாவில் தலையும் நடுமுள்ளும் மிஞ்சும், வெட்டுபவரிடமே விட்டுவிட்டு வராதீர்கள். பச்சைக் கொச்சிக்காய் கீறிப் போட்டுத் தேங்காய்ப் பாலில் சொதி வைத்தால், இரவுக்குப் புட்டோடு அதுவே போதும்.