எந்திரனா, 2.0-வா?

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில எங்க செட்டுக்குள்ள இந்த சண்டை இன்னும் ஓயல. நான் 2010ல வந்த ரஜினி படம் எந்திரன் பக்கம்தான். ரோபோ சிட்டி கொசுகிட்ட பஞ்சாயத்து பேசுறது, கெட்ட சிட்டி தன்னைச் செஞ்ச விஞ்ஞானி வசீகரனைத் தேடிக்கிட்டே "மே..."ன்னு கத்தறது, இப்ப பாத்தாலும் சிரிப்பும் பயமும் சேந்து வருது, மெஷினுக்கு ஆசை வந்தா என்னாகும்னு கதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

2018ல வந்த ரெண்டாம் பாகம் 2.0, 3டியில மிரட்டல்தான், இல்லங்கல. போனெல்லாம் ரோட்டுல ஊர்ந்து ராட்சசப் பறவையா நிக்கறப்ப கிருஷ்ணகிரி தியேட்டர்ல பக்கத்து சீட்டு அண்ணன் சட்டைப் பாக்கெட்டை அமுக்கிப் புடிச்சிக்கிட்டாரு. ஆனா அக்‌ஷய்குமார் பிளாஷ்பேக் தவிர மனசுல எதுவும் ஒட்டல. பாட்டு? ரெண்டுக்கும் ரகுமான்தான், கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல கேக்கறது என்னவோ முதல் படம்தான். டிவில 2.0 போட்டா குட்டி சிட்டிங்க புறா மேல வர்ற சீன் வரைக்கும் வெயிட் பண்ணி பாத்துட்டு சேனல் மாத்திருவேன்.