துறைக்குள் ஆனர்ஸா, துறைகள் தாண்டிய ஆனர்ஸா?

ஆனர்ஸ் என்பது வழக்கமான பட்டப்படிப்பைவிடக் கடினமான, ஆய்வோடு சேர்ந்த படிப்பு. அதில் துறைசார் ஆனர்ஸ் நேர்கோட்டுப் பாதை. சொந்தத் துறையிலேயே கடினமான தாள்கள், ஒரு வழிகாட்டி, கடைசி ஆண்டில் ஓர் ஆய்வேடு. யார் மதிப்பிடுவார், எதை எதிர்பார்ப்பார் என்பது முன்பே தெரியும். அதே பாடத்தில் முனைவர் பட்டம் வரை போகிறவர் அதிகம் யோசிக்க வேண்டாம்.

துறைகள் தாண்டிய ஆனர்ஸில்தான் சுவாரஸ்யமும் தலைவலியும். ஆற்று மாசு பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மாதிரிகளை எத்தனை இடங்களில் எடுத்தாய் என்பார் வேதியியல் பேராசிரியர். கரையில் குடியிருப்பவர்களிடம் பேசினாயா என்பார் சமூகவியல் பேராசிரியர். 'ஆதாரம்' என்ற சொல்லுக்கு இருவரிடமும் வேறு வேறு பொருள். அந்த இழுபறியில் மாட்டித் தெளிவதுதான் இங்கே படிப்பே. (இருவரும் ஒரே நாளில் நேரம் ஒதுக்குவார்கள் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.)

இது புது மோகமும் அல்ல. தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் சேர்த்த பட்டப்படிப்பு ஆக்ஸ்போர்டில் 1920களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி 1922இல் தொடங்கிய ஆனர்ஸில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர்களே மாணவரை மதிப்பிடுகிறார்கள். துறைப் பாசம் குறுக்கே வராத இந்த ஏற்பாடு, பல துறை ஆய்வுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

என் ஓட்டு இரண்டாவதற்கு, ஒரு நிபந்தனையோடு: ஏதாவது ஒரு துறையின் ஆய்வுமுறை இரண்டாம் ஆண்டுக்குள் கைவசமாகியிருக்க வேண்டும். இல்லையேல் நுனிப்புல் மேய்ந்த கதைதான். எதை எடுப்பது என்று குழப்பமா? புள்ளியியலில் ஒரு தாள் முடித்துவிட்டுச் சேருங்கள். எந்தப் பக்கம் போனாலும் கைகொடுக்கும்.