சின்ன பட்ஜெட் பேய்ப் படங்கள் ஐந்து: எது நிஜமாகவே பயமுறுத்தியது?

பேய்ப் படம் எடுக்கப் பெரிய காசு வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2020 முதல் வந்த சில படங்களை அடுத்தடுத்துப் பார்த்ததில் எனக்கு எழுந்த கேள்வி வேறு. கையில் இருந்த கொஞ்சக் காசை இவர்கள் எதில் போட்டார்கள்? நான் விமர்சகன் அல்ல. சனிக்கிழமை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹாரர் பார்க்கிற சாதாரண ரசிகன். அந்த இடத்திலிருந்துதான் இந்த ஒப்பீடு.

முதலில் பணக் கணக்கு. கனடாவில் எடுத்த ‘ஸ்கினமரிங்க்’ படத்துக்கு ஆன செலவு 15,000 டாலர், நம் காசில் ஏறக்குறைய 12 லட்சம். அமெரிக்காவின் ‘டெரிஃபையர் 2’ இரண்டரை லட்சம் டாலர், சுமார் 2 கோடி. ஆஸ்திரேலியாவின் ‘டாக் டு மீ’ 45 லட்சம் டாலர், கிட்டத்தட்ட 37 கோடி. நம் ஊரில் 37 கோடியை யாரும் சின்னப் படம் என்று சொல்ல மாட்டார்கள், ஹாலிவுட் கணக்கில் அது சின்னத் தொகைதான். இவற்றோடு இங்கிலாந்தின் ‘ஹோஸ்ட்’, அயர்லாந்தின் ‘ஆடிட்டி’ இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன்.

‘ஹோஸ்ட்’டையும் ‘ஸ்கினமரிங்க்’கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே வீட்டுக்குள் முடிகிற கதை. இரண்டிலும் செட் கிடையாது, பெரிய நடிகர்கள் கிடையாது.

ராப் சாவேஜ் ‘ஹோஸ்ட்’டை 2020 லாக்டவுனில் எடுத்தார். யோசனை பிறந்ததிலிருந்து படம் வெளியாகும் வரை 12 வாரம். நடிகர்கள் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள், லைட்டையும் கேமராவையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள், இயக்குநர் தூரத்திலிருந்து சொல்லிச் சொல்லி எடுத்தார். கதை ரொம்பச் சின்னது. ஐந்து பெண்களும் ஒரு பையனும் ஜூம் காலில் கூடி ஆவியை அழைக்கிறார்கள். ஒருத்தி விளையாட்டுக்கு, செத்துப்போன நண்பன் ஒருவன் பேசுவதாகப் பொய் சொல்கிறாள். அந்தப் பொய் முகத்தைப் போட்டுக்கொண்டு வேறு ஏதோ உள்ளே வந்துவிடுகிறது.

இந்தப் படத்தில் ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கரோலின் என்ற பெண் தான் அறைக்குள் நடந்து வருவதை வீடியோவாக எடுத்து, அதையே ஜூம் பின்னணியாக வைத்திருக்கிறாள். ஆரம்பத்தில் அது தோழிகளைச் சிரிக்க வைக்கிற வேடிக்கை. பின்னால் அதே பின்னணி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் சாதாரணமாக உள்ளே வருகிறாள், போகிறாள், மறுபடி வருகிறாள். திடீரென்று அந்தப் படத்தைக் கிழித்துக்கொண்டு ரத்தம் வழியும் நிஜ முகம் லேப்டாப் மேல் வந்து மோதுகிறது. மறுநொடி பழையபடி அந்த அமைதியான வீடியோ. இதற்கு என்ன செலவாகியிருக்கும்? அன்றைக்கு எல்லார் கையிலும் இருந்த ஆப்பும் ஒரு நல்ல யோசனையும்தான். அதே போல, ஆளே இல்லாத இடத்தில் ஃபேஸ் ஃபில்டர் ஒரு முகத்தைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிற காட்சியும். கிராஃபிக்ஸ் பேய் எதுவும் எனக்குத் தராத நடுக்கத்தை அந்த ஃபில்டர் தந்தது. படம் ஒரு மணி நேரம்கூட இல்லை, ஒரு நிமிடமும் வீண் இல்லை.

‘ஸ்கினமரிங்க்’ நேர் எதிர். கைல் எட்வர்ட் பால் தான் வளர்ந்த எட்மண்டன் வீட்டிலேயே எடுத்த படம். வருடம் 1995. நாலு வயதுப் பையனும் ஆறு வயது அக்காவும் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறார்கள். அப்பாவைக் காணோம். கதவுகளும் ஜன்னல்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. கேமரா முகங்களைக் காட்டுவதே அபூர்வம். கூரை மூலை, தரைவிரிப்பு, சிதறிய லெகோ துண்டுகள், பழைய கார்ட்டூன் ஓடுகிற டிவியின் நீல வெளிச்சம், இவ்வளவுதான். சின்ன வயதில் ராத்திரி எழுந்து இருட்டையே வெறித்துப் பார்த்தவர்களுக்கு இது எங்கே தொடுகிறது என்று புரியும்.

சிறுமியை மாடி அறைக்கு ஒரு குரல் கூப்பிடுகிறது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், கட்டிலுக்கு அடியில் பார்க்கச் சொல்கிறார். அந்தச் சில நிமிடங்கள் என்னை உலுக்கிவிட்டன. ஆனால் படம் 100 நிமிடம். பாதிக்கு மேல் அதே சுவர், அதே இரைச்சல், அதே முணுமுணுப்பு. பால் அதற்கு முன் யூடியூபில், மற்றவர்கள் சொன்ன கெட்ட கனவுகளைக் குறும்படங்களாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் குறும்பட நீளத்துக்குப் பொருந்துகிற பயத்தை இவ்வளவு தூரம் இழுத்தது தவறு என்பதே என் கருத்து. இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இப்படி ஒரு படம் இதற்கு முன் தியேட்டருக்கு வந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் மறுபடி பார் என்றால் ‘ஹோஸ்ட்’டைத்தான் எடுப்பேன்.

அடுத்து ரத்தம். டேமியன் லியோன் ‘டெரிஃபையர் 2’ படத்தை எழுதி, இயக்கி, எடிட் செய்து, மேக்கப் எஃபெக்ட்ஸையும் தானே செய்தார். காசெல்லாம் எங்கே போனது என்று திரையிலேயே தெரிகிறது. வெட்டுப்பட்ட உடம்புகள் ஒவ்வொன்றும் கையால் செய்தவை, அந்த உழைப்பை மதிக்காமல் இருக்க முடியாது. வாயே திறக்காத கோமாளி ஆர்ட்டாக வரும் டேவிட் ஹவர்ட் தார்ன்டனின் உடல்மொழியும் அபாரம். தியேட்டரில் சிலர் மயங்கி விழுந்ததாகச் செய்திகள் வந்தன. எனக்குக் குமட்டியது, பயம் வரவில்லை. படுக்கையறைக் கொலை முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது அவன் உப்பையும் ப்ளீச்சையும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறான். அதற்கு மேல் அந்தப் பெண் ஒரு கதாபாத்திரமாக இல்லை, மேக்கப்பைக் காட்டுவதற்கான உடம்பாகிவிடுகிறாள். 138 நிமிடம் இது தாங்காது. இரண்டரை லட்சத்தில் எடுத்து ஒன்றரைக் கோடி டாலர் வசூலித்த படம், அந்த வெற்றி உண்மை. பணத்தை மேக்கப்பில் போட்டவர்கள் கதையை அம்போவென்று விட்டுவிட்டார்கள்.

‘டாக் டு மீ’யிலும் ரத்தம் உண்டு, ஆனால் அது வலிக்கிறது. இதை இயக்கிய, அடிலெய்டைச் சேர்ந்த இரட்டையர்கள் டேனி, மைக்கேல் பிலிப்பு யூடியூபில் ராக்காராக்கா என்ற பெயரில் வளர்ந்தவர்கள். பதப்படுத்திய ஒரு கை. அதைப் பிடித்துப் பேச அழைத்தால் செத்தவர் தெரிவார், உள்ளே வர அனுமதித்தால் உடம்பில் ஏறுவார். 90 வினாடிக்குள் விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் இதைப் பார்ட்டி போதையாக ஆக்கி, சுற்றி நின்று போனில் படம் பிடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ரைலி என்ற சின்னப் பையனுக்கு நேர்வது ஒரே ஒரு காட்சிதான். கோமாளி படத்தின் அத்தனை கொலைகளையும் விட அது என்னை அதிகம் பாதித்தது. காரணம், அதற்குள் அவனை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அம்மாவை இழந்த மியாவாக சோஃபி வைல்ட் கண்ணீரையும் பொய்யையும் ஒரே முகத்தில் காட்டுகிறார். பின்பாதியில் கதை கொஞ்சம் அலைகிறது. முடிவு அதைச் சரிக்கட்டிவிடுகிறது.

நடுவில் ‘வின்னி த பூ: பிளட் அண்ட் ஹனி’ பற்றியும் கேட்பார்கள். குழந்தைக் கதையின் காப்புரிமை அமெரிக்காவில் 2022-இல் காலாவதியானதும் அந்தப் பெயரை வைத்து எடுத்தது. ராஸி விருதுகளில் மோசமான படம் என்ற பட்டம் வாங்கியது. நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஐந்தில் என் முதலிடம் டேமியன் மெக்கார்த்தியின் ‘ஆடிட்டி’க்கு (2024). ஆரம்பமே போதும். கிராமத்தில் பாதி வேலை முடிந்த கல் வீடு, டானி தனியாக இருக்கிறாள். கணவன் மனநல மருத்துவமனையில் இரவு டியூட்டி. கதவு தட்டப்படுகிறது. கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாகப் பார்க்கிறாள். வெளியே ஒரு கண் கண்ணாடிக் கண்ணாக ஒருவன். நீங்கள் காருக்குப் போனபோது யாரோ உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்தேன், கதவைத் திறங்கள் என்கிறான். திறப்பதா வேண்டாமா? அவன் கொலைகாரனாக இருக்கலாம். அவன் சொல்வது நிஜமாக இருந்தால் ஆபத்து அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கதவு, இரண்டு முகம், வேறெதுவும் இல்லை. நான் மூச்சுவிடவில்லை.

டானி கொல்லப்பட்ட பிறகு அவளுடைய இரட்டைச் சகோதரி, பார்வையில்லாத டார்சி, ஆளுயர மரப்பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்கிறாள். இரண்டு வேடத்திலும் கரோலின் பிராக்கன். வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த மரமனிதன் பெரும்பாலும் அசைவதே இல்லை. ஒவ்வொரு தடவை கேமரா அந்த அறைக்குத் திரும்பும்போதும் அது முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று நாமே சரிபார்க்கத் தொடங்கிவிடுகிறோம். காசைப் போட்டது ஒரு பொம்மையிலும் ஒரு வீட்டிலும்தான். மீதி வேலையை மெக்கார்த்தி நம்மைச் செய்ய வைத்துவிட்டார். கொலைக்கான காரணத்தை யோசிக்க வைக்கிற துப்பறியும் கதையும் கூடவே ஓடுகிறது. ‘ஸ்கினமரிங்க்’கில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு ‘டாக் டு மீ’ பொருத்தம், சின்னப் பிள்ளைகள் இல்லாமல். தனியாகப் பார்க்க ‘ஆடிட்டி’. ‘ஹோஸ்ட்’டைப் பெரிய டிவியில் போடாதீர்கள், லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டிப் பாருங்கள். ஜூமின் அந்த 40 நிமிட இலவச வரம்பை எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் முழுசாக உறைக்கும்.