அப்பாவின் பழைய எண்

மே மாதத்தில் தஞ்சாவூரிலிருந்து ஊட்டிக்குக் காரில் போய்வர ஒரு வாரம் ஒதுக்கியிருந்தோம். அதில் மூன்று நாள் ஒரு ஸ்டிக்கருக்குப் போய்விட்டது. ஊட்டி எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு: குளிர்ந்தது, கூட்டமாக இருந்தது. நான் எழுத உட்கார்ந்தது அப்பாவின் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், சுங்கச்சாவடியில் கட்டணத்தைத் தானே கழித்துக்கொள்ளும் ஃபாஸ்டேக்கைப் பற்றி.

கார் அப்பாவுடையது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. தம்பிதான் வாரம் ஒருமுறை கிளப்பி, பெரிய கோயில் வரை போய்த் திரும்பி, பேட்டரியின் உயிரைப் பிடித்துவைத்திருந்தான். நாங்கள் டொராண்டோவிலிருந்து வந்த மறுநாளே ஆயில், பிரேக், டயர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. நான் பயந்துகொண்டிருந்தது நீலகிரிக்கான இ-பாஸுக்கு. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது அது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பே கட்டிவிட்டார்கள். தம்பியோ காபி ஆறுவதற்குள் பாஸை எடுத்துக் காட்டினான். சரி, நாடு முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மதியம் வரை தாங்கியது.

மதியம் டேக்கில் பணம் போட்டோம். பணம் போயிற்று. ஆனால் டேக் கருப்புப் பட்டியலில் இருந்தது. கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லையாம். புதுப்பிக்க ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. அப்பாவின் பழைய கைபேசி எண்ணுக்குப் போகும். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறந்து, அது செத்துப்போய், அப்பா புது எண் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கைவிட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. எங்கள் ஓ.டி.பி. இப்போது யாரோ ஒருவருடைய பையில் மணியடித்துக்கொண்டிருந்தது.

டொராண்டோவில் 407 என்ற சுங்கச் சாலையில் ஏறினால் மேலேயிருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். பில் வீட்டுக்குத் தபாலில் வரும். அதைப் பிரித்தால் வயிறு எரியும் என்பது வேறு விஷயம். ஆனால் நீ யார், உன் பழைய எண் எங்கே என்று அந்தச் சாலை இதுவரை என்னைக் கேட்டதில்லை.

டேக் கொடுத்த வங்கியின் கிளைக்குப் போனால், “இது எங்கள் கையில் இல்லை, உதவி எண்ணுக்குப் பேசுங்கள்” என்றார்கள். உதவி எண்ணில் பாட்டெல்லாம் போட்டுக் காட்டிவிட்டு, பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிடச் சொன்னது இயந்திரம். வேறு வங்கியில் புது டேக் வாங்கிவிடலாம் என்று போனோம். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். பழையதை மூடிவிட்டு வாருங்கள் என்றார்கள். மூட என்ன வேண்டும்? ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு? சொல்லவேண்டியதில்லை.

“அக்கா, டேக் இல்லாமல் போனால் யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு. அவ்வளவுதானே? கட்டிவிட்டுப் போவோம்” என்றான் தம்பி. கணக்குப் பார்த்தால் போகவர எல்லாம் சேர்த்து, கூடுதலாக ஆவது ஊட்டியில் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை. எனக்கு அது காசு விஷயமாக இல்லை. முன்பெல்லாம் அப்பா ஃபிலிம் ரோல் டப்பாவில் சில்லறை போட்டுக் கியருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். கேட் வந்ததும் பின்சீட்டிலிருக்கும் நான் எண்ணிக் கொடுக்கவேண்டும்; மீதி வந்தால் எனக்கு. அந்த மனிதரின் வண்டியை ஒரு கேட்டில் ஓரங்கட்டி நிறுத்துவார்கள் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் இரவு அந்தப் பழைய எண்ணுக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், தருமபுரிப் பக்கமாம். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “நீங்கள்தானா அக்கா! உங்கள் அப்பாவுக்குக் கோயில் அன்னதான மெசேஜ், பென்ஷன்காரர் சங்கக் கூட்டம், எல்லாம் எனக்குத்தான் வருகிறது” என்று சிரித்தாள். இன்று மட்டும் ஆறு ஓ.டி.பி. வந்திருப்பதாகவும் சொன்னாள். ஒன்றே ஒன்றைப் படித்துச் சொல்லம்மா என்றேன்.

“அதை மட்டும் கேட்காதீர்கள் அக்கா. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லக்கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறதே.”

கோபம் வந்தது. என் அப்பாவின் எண்ணிலிருந்தே எனக்கு மறுப்பா? போனை வைத்த பிறகுதான், அவள் எடுத்தவுடன் படித்துச் சொல்லியிருந்தால் நான் இன்னும் பயந்திருக்கவேண்டும் என்று உறைத்தது.

மூன்றாம் நாள் அப்பாவே கிளம்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் உறையில் ஆர்.சி. புத்தகம், ஆதார், இரவே தமிழில் எழுதிவைத்த ஒரு விண்ணப்பம். அதே கிளைதான், கவுண்டரில் வேறு அதிகாரி. சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். நான் இரண்டு வருடத்தில் எந்த அலுவலகத்திலும் ஒருவர் ஒரு காகிதத்தை முழுக்கப் படித்துப் பார்த்ததில்லை, டொராண்டோவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு சென்னைக்கு யாருக்கோ பேசினார், காத்திருந்தார், மறுபடி பேசினார். டேக்கின் படம் வேண்டும் என்றதும் தம்பி எழுந்தான். “ஐயா உட்காரட்டும், நீங்களும் உட்காருங்கள்” என்று அவரே அந்த வெயிலில் வாசலுக்குப் போய்க் காரைப் படமெடுத்து வந்தார். எண் மாறியது. மாலை ஐந்து மணிக்குள் கருப்புப் பட்டியலிலிருந்தும் வெளியே வந்தோம். மூன்று நாளாக நான் மனதுக்குள் எழுதிவைத்திருந்த புகார்க் கடிதம் வீணாயிற்று. கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் விடியற்காலை எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடியில் காரில் யாரும் பேசவில்லை. கம்பம் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுந்தது. முன்சீட்டில் அப்பாவின் போன் கீச்சென்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கழிந்த தொகையை உரக்க வாசித்தார்.

திருச்சி தாண்டும்போது, “அந்தத் தருமபுரிப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. இனிமேல் டோல் மெசேஜ் வராது என்று” என்றார். சொன்னேன். அன்னதான மெசேஜ் மட்டும் வரட்டும் அக்கா, நிறுத்திவிடாதீர்கள் என்றாள் அவள்.