வாளையார் வழியில் காற்றடிக்க: பங்க், பஞ்சர் கடை, சொந்தக் கம்ப்ரசர்

கோவையில் கிளம்பி வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம் தாண்டி திருச்சூர், கொச்சி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 544-இல், தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஜீப் வகை வண்டிக்குக் காற்றடிக்க மூன்று வழி இருக்கிறது. பங்க்கில் இருக்கும், வைத்த எண் வந்ததும் தானே நிற்கும் ஆட்டோ கட் மெஷின், சாலையோரப் பஞ்சர் கடை, வண்டியிலேயே கிடக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர். இதில் எது மேல் என்று கேட்பதற்கு முன்னால் சொந்தமாக ஒரு கேஜ், அதாவது காற்றழுத்தம் அளக்கும் கருவி, வாங்கிவிட வேண்டும். இங்கே சொல்லும் காற்று எண்கள் எல்லாம் பி.எஸ்.ஐ. என்ற அழுத்த அளவில். அது கையில் இல்லாவிட்டால் மூன்றும் குருட்டு நம்பிக்கைதான்.

பங்க் மெஷினில் இருந்து ஆரம்பிக்கலாம். இலவசம், வேகம், நான்கு டயரும் ஐந்து நிமிடத்தில் முடியும். வாளையார் தாண்டினாலும் மொழிச் சிக்கல் கிடையாது. காத்தடிக்கணும் என்றால் மலையாளத்திலும் அதே சொல்தான், எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். குறை எங்கே என்றால், முன்னால் வந்த காருக்கு வைத்த எண் மெஷினில் அப்படியே நிற்கும். பையன் அதை மாற்றாமல் அடித்துவிடுவான், அல்லது பெரிய வண்டி என்று பார்த்த உடனே 35 வைத்துவிடுவான். எண்ணை வாயால் சொல்லிவிட்டு, திரையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில மெஷினில் அளவு பார் கணக்கில் வரும், 2.2 பார் என்றால் 32 பி.எஸ்.ஐ. ஹோஸின் வாய் தேய்ந்திருந்தால் கழற்றும்போது உஸ் என்று ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. போய்விடும். மெஷினின் காற்று டேங்கில் சேரும் தண்ணீரை வடிக்காத பங்க்கில் காற்றோடு ஈரமும் உள்ளே போகும். வால்வில் ஹோஸை வைக்கும் முன் ஒரு நொடி வெளியே பீய்ச்சிப் பாருங்கள். கையில் நீர்த்துளி தெறித்தால் அடுத்த பங்க்.

பங்க்கின் பெரிய குறை மெஷினில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டிக்கு. கோவையிலிருந்து ஓட்டிவந்து பாலக்காட்டில் அளந்தால் டயர் ஏற்கெனவே சுட்டிருக்கும். சூடான டயரில் 32 என்று வைத்தால் மறுநாள் காலையில் அது 28 தான். ஆகவே காற்று வீட்டு வாசலிலேயே, விடியற்காலையில் சரிபார்க்க வேண்டியது. வழியில் அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், வேண்டிய எண்ணோடு 4 கூட்டி அடியுங்கள். சூட்டில் எண் ஏறியிருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுவதுதான் இந்தச் சாலையில் செய்யக்கூடிய மிக மோசமான வேலை. குறைந்த காற்றில் டயரின் பக்கச்சுவர் அதிகம் வளையும், வளைவதால் இன்னும் சூடாகும், கடைசியில் உள்ளே இருக்கும் எஃகு பெல்ட் ரப்பரை விட்டுப் பிரியும். பார்ப்பவருக்கு டயர் வெடித்தது என்றுதான் தெரியும்.

எந்த எண் வைப்பது? ஸ்டிக்கரில் குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால், நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முழுச் சுமை எண். ஒரே எண் இருந்தால் அதற்கு மேல் 2 முதல் 3 வரை. முன்னால் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் போட்டிருந்தால் அந்த எடை முழுவதும் முன் அச்சில்தான் உட்காரும். முன் டயருக்கும் 2 கூட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அளவு அந்த டயர் தாங்கும் எல்லை, ஓட்டுவதற்கான எண் இல்லை. அதைப் பார்த்து அடித்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், சாலையின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி துள்ளும், ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. கம்பெனி டயரைக் கழற்றி எல்.டி. வகை (லைட் டிரக், தடித்த டயர்) ஆல் டெரெய்ன் போட்டவர்களுக்கு ஸ்டிக்கர் எண் போதாது. அந்த வகை டயர் அதே சுமையைத் தாங்க அதிகக் காற்று கேட்கும். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வைத்த எண் சரியா என்று சாலையே சொல்லும். 90, 100 வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடியபின் நிறுத்தி உடனே அளந்தால் 4 வரை ஏறியிருக்கலாம், தடித்த எல்.டி. டயரில் 6 வரை. அதைத் தாண்டினால் காலையில் வைத்தது குறைவு, அல்லது சுமை அதிகம். நின்று, ஆறவிட்டு, 2 கூட்டுங்கள். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் நின்ற இடத்திலேயே சுமார் 1.5 ஏறும். காலை 25 டிகிரியில் அளந்து நண்பகல் 40-இல் பார்க்கிறவர் அந்த 2 சொச்சத்தைக் கழித்துவிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும். ஒரு டயர் மட்டும் மற்றதைவிட 3 குறைந்து நின்றால் வெயில் காரணமில்லை. ஆணி, அல்லது வால்வு. எச்சில் தடவிப் பார்த்தாலே வால்வுக் கசிவு தெரிந்துவிடும்.

பஞ்சர் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை நன்று, கேஜ் மோசம். பத்து தடவை கீழே விழுந்த முள் கேஜ் காட்டும் பாயிண்டை நம்பாமல் உங்கள் கேஜில் பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்கவும் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். ஏற்கெனவே நைட்ரஜன் போட்டிருந்தால் மேலே சாதாரணக் காற்று அடிக்கலாம், ஒன்றும் ஆகாது.

நெல்லியாம்பதி மலையின் ஜீப் பாதைக்காகக் காற்றை 18, 20 என்று இறக்கிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் சொந்தக் கம்ப்ரசர் அவசியமே. அந்தக் காற்றில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நெடுஞ்சாலை பங்க்கை நம்பி அதே காற்றோடு கீழே இறங்குவது டயருக்குச் செய்யும் அநியாயம். லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒரு டயரை 20-இலிருந்து 32-க்கு ஏற்ற சுமார் நான்கு நிமிடம் எடுக்கும். பெரும்பாலானவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓய்வு கேட்கும், ஆக மூன்றாவது டயரோடு சுட்டு நிற்கும். கேட்ட ஓய்வைக் கொடுங்கள். இரட்டைச் சிலிண்டர் என்றால் ஒரு டயருக்கு இரண்டு நிமிடத்துக்குள், ஆனால் அது 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாக்கெட்டில் போட்டால் ஃபியூஸ் போகும். நேராக பேட்டரியில் கிளிப் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு அடிக்க வேண்டும். மலைப்பாதைக்குப் போகிறவர்கள் இரட்டைச் சிலிண்டரே வாங்கலாம், விலை அதிகமானாலும். சார்ஜ் செய்யும் கைக் கம்ப்ரசர் காலையில் 3, 4 கூட்ட நன்றாக உதவும், நான்கு டயரை முழுக்க ஏற்ற ஆகாது.

ஜூன் மழையில் சரியான காற்று உயிர் விஷயம். சாலையில் தண்ணீர் தேங்கி, டயர் பட்டையும் தேய்ந்திருந்தால், எந்த வேகத்தில் டயர் நீரின் மேல் மிதக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்க வேண்டும். 30 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 91 கிலோமீட்டர், 20-க்கு 75. பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்று பக்கவாட்டில் அறையும்போதும் அப்படித்தான், உயரமான வண்டி குறைந்த காற்றில் இன்னும் அதிகமாக ஆடும்.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியை பங்க்கில் யாரும் தொடமாட்டார்கள், கேட்டுத்தான் அடிக்க வைக்க வேண்டும். அதற்கு முழுச் சுமை எண்ணோடு 3 கூட்டி வையுங்கள். தேவைப்படும் நாளில் குறைப்பது சுலபம்.