மழைக் கணக்கு எழுத எந்தக் காலண்டர்?

வேலூரில் மழை, வெயில் கணக்கை எழுதி வைக்க தினசரி காலண்டர் வசதியா, மாதக் காலண்டரா? இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

தினசரித் தாளின் பின்பக்கம் முழுக்க நமக்குத்தான். திதி, நட்சத்திரம் எல்லாம் முன்பக்கம் இருக்கும். ஆனால் கிழிக்கிற தாளாயிற்றே! எங்கள் வீட்டில் கத்திரி வெயில் குறிப்புகளில் பாதி, பஜ்ஜி எண்ணெய் ஒற்றப் போய்விட்டன.

மாதக் காலண்டரில் கட்டம் சின்னது. பென்சிலில் '22 மி.மீ., இடி' என்று எழுதினாலே நிரம்பிவிடும். (அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா, ஒரு ஸ்கேல் போதும். வானிலைத் துறை அளக்கும் காலை 8.30-க்கே அளந்துவிடுங்கள்.) ஆனால் மாதம் மொத்தமாகக் கண்ணில் படும். 2021 நவம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் தேதிக் கட்டத்தில் பௌர்ணமி வட்டம், கார்த்திகை தீபம், பாலாற்றில் வெள்ளம். அதற்கு மேல் வரிசையில் 11-ஆம் தேதி, சென்னை அருகே கரையைக் கடந்த தாழ்வு மண்டலம். ஆறு ஏன் அப்படி ஓடியது என்பது இரண்டு வரிசையிலேயே புரிந்துவிடும்.

நினைவு நாட்களுக்கும் இதுதான் சரி. 1806 வேலூர்ப் புரட்சி நடந்த ஜூலை 10-ஐச் சிவப்பு மையில் சுழித்து வைப்பேன். 2025-இல் அன்றைக்குப் பௌர்ணமி. கட்டத்தில் மழை எழுதத்தான் இடமில்லை.